முன்னால் போன சார்ஜன்ட்

சார்ஜன்ட் ஜெயராசாவுக்கு ஓடுகிறவர்களைப் பிடிக்கத் தெரியும், துரத்தத்தான் தெரியாது. இவை இரண்டும் வேறு வேறு வேலைகள் என்பது பெரகலைச் சந்தியில் வெற்றிலை விற்கிற ஆளுக்குக்கூடத் தெரியும். சார்ஜன்டின் பொறுப்பதிகாரிக்கு மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

அந்தப் பொலிஸ் நிலையத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஊவா மலையில் ஏதோ ஒரு சரிவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் நாளைக்கு என் வீட்டு வாசலில் ஜீப் நிற்கும். எனக்கு ஜெயராசாவின் தைரியம் கிடையாது.

அவர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தோட்டத்துப் பிள்ளைகள் பொலிசைக் கண்டு ஓடுவதைத்தான் ஊர் பார்த்திருந்தது; பொலிசாகவே ஆகிவிடுவதை அதிகம் பார்த்ததில்லை. அவர் முதன்முதலாகக் காக்கி உடுப்போடு லயத்துக்கு வந்த அன்று, விஷயம் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் கசிப்புச் சாராயப் போத்தலை அணைத்துக்கொண்டு தேயிலைக்குள் குதித்துவிட்டார். "நம்ம ஜெயராசாதாங்க!" என்று பெண்கள் கூவிக் கூவிச் சொல்லியும் மனுசன் மாலை வரைக்கும் வெளியே வரவில்லை.

அது நடந்து முப்பது வருடம் ஆகிறது. அந்த முப்பதில் இருபத்தைந்து வருடம் வீதிப் போக்குவரத்துப் பிரிவிலேயே கழிந்தது. ஆள் கொஞ்சம் பருமன், மீசை நரைத்துவிட்டது, பென்ஷனுக்கு எட்டு மாதம் பாக்கி. கை காட்டியும் நிற்காமல் ஓடும் ஓட்டோக்காரனை அவர் ஒருநாளும் துரத்தியதில்லை. இலக்கத்தைக் கொப்பியில் குறித்துக்கொள்வார், தொப்பியைச் சரிசெய்வார், தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் ஆற அமர ஏறுவார். மலை ரோட்டின் குணம் அப்படி. ஓட்டோ ஏழு வளைவு சுற்றி லயத்துக்குப் போய்ச் சேரும்போது, சார்ஜன்ட் அதே வீட்டின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"வாங்க தம்பி. ஒங்க அம்மா ரொம்ப நல்லா டீ போடுறாங்க. லைசனை எடுங்க."

இந்த முறையில் தப்பியவன் யாரும் இல்லை, கை கால் முறிந்தவனும் யாரும் இல்லை. பதறாத காரியம் சிதறாது என்று நம் ஆட்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த நிலையத்துக்கு ஒரு புதிய பொறுப்பதிகாரி வந்து சேர்ந்தார். எங்கேயோ ஒரு பயிற்சிக்குப் போய், அங்கே பெரிய திரையில் வெளிநாட்டுப் பொலிசார் கார்களைத் துரத்துவதை மூன்று நாள் பார்த்துவிட்டு வந்தவர். வந்த மறுநாளே சுவரில் ஒரு வெள்ளைப் பலகை ஏறியது. 'துரத்திப் பிடித்தவை' என்று சிங்களத்தில் தலைப்பு, கீழே ஒவ்வொருவரின் பெயர், பெயருக்கு எதிரே கட்டம். ஆளுக்கு மாதம் மூன்று துரத்தலாவது இருக்க வேண்டுமாம்.

மற்றவர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். ஒரு கொன்ஸ்டபிளின் மாமியார் ஓட்டோவில் குடையை மறந்துவிட்டு இறங்கியபோது, மருமகன் அந்த ஓட்டோவை இரண்டு மைல் துரத்திக் குடையை மீட்டார். அதுவும் பலகையில் ஏறியது. ஜெயராசாவின் கட்டம் மட்டும் மொட்டைத் தலைபோல வெறுமையாக இருந்தது.

"நடந்துபோய்த் தேநீர் குடிப்பது துரத்தல் ஆகாது, சார்ஜன்ட்," என்றார் பொறுப்பதிகாரி. "துரத்தினால்தான் இவர்களுக்குப் பயம் வரும்."

"பயம் வந்தா பிரேக்கை மிதிக்க மாட்டாங்க சேர். எக்ஸிலேட்டரைத்தான் மிதிப்பாங்க," என்றார் ஜெயராசா, தன் தோட்டத்துச் சிங்களத்தில். பதிலுக்குப் பொறுப்பதிகாரி அவரது பெயரைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மலை ரோட்டில் சாரதிகளுக்குள் ஒரு தர்மம் உண்டு. வழியில் பொலிஸ் நின்றால், தாண்டி வந்தவன் எதிரே வருகிறவனுக்கு முன்லைட்டை இரண்டு தரம் அடித்துக் காட்டுவான். சொந்த அண்ணனோடு மூன்று வருடம் பேசாதவன்கூட முகம் தெரியாதவனுக்கு லைட் அடிப்பான். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற பேதமே கிடையாது. இந்த நாட்டில் ஒற்றுமை இல்லை என்று யார் சொன்னது? லைட்டைக் கண்டவன் உடனே ஓரம் கட்டுவான், பெல்ட்டை மாட்டுவான், தலைக்கவசத்தைக் கைப்பிடியிலிருந்து தலைக்கு மாற்றுவான். லைட் அடிப்பவர்களுக்கு ஜெயராசாவே பல தடவை தண்டத்தாள் எழுதியிருக்கிறார். பொறுப்பதிகாரிக்கோ அந்த வழக்கத்தைக் கண்டாலே உடம்பு எரியும்.

அன்றைக்குக் காலை ஏழு மணி. பெரகலைச் சந்தியில் பொறுப்பதிகாரி ஜீப்போடு நின்றார், ஜெயராசா மோட்டார் சைக்கிளோடு நின்றார். அந்த மோட்டார் சைக்கிளின் சைரன் ஒரு பெரஹரா ஊர்வலத்துக்கு இரவல் போய், போன இடத்திலேயே தங்கிவிட்டது. ஹோர்னும் ஆட்டுக்குட்டிபோலத்தான் கத்தும்.

அப்பூத்தளைப் பக்கத்திலிருந்து முட்டைக்கோவாவும் லீக்ஸும் ஏற்றிய மரக்கறி லொறியொன்று இறங்கி வந்தது. பொறுப்பதிகாரி நடு ரோட்டுக்கு வந்து கையைக் காட்டினார். லொறி நிற்கவில்லை. அவர் பின்னால் துள்ளியதால் உயிர் பிழைத்தார். சாரதி ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டு ஆட்டென்று ஆட்டியபடி, ஹல்துமுல்லைப் பக்கம் இறங்கும் ரோட்டில் போய்விட்டான்.

"டாட்டா காட்டிவிட்டுப் போகிறான்! துரத்து, சார்ஜன்ட், துரத்து!" என்று கத்திக்கொண்டே பொறுப்பதிகாரி ஜீப்பில் பாய்ந்தார். சைரன் அலறியது.

ஜெயராசாவுக்கு அந்தக் கை ஆட்டல் பிடிக்கவில்லை. டாட்டா காட்டுகிறவன் முன்னும் பின்னும் ஆட்டுவான். இவன் விலகு விலகு என்று ஒதுக்குவதுபோல ஆட்டினான். மோட்டார் சைக்கிளை முடுக்கி, முதல் வளைவு முடிவதற்குள் லொறியின் ஜன்னல் பக்கத்துக்கு வந்துவிட்டார். உள்ளே நாற்பது வயதுக்காரர் ஒருவர். முகமெல்லாம் வேர்வையும் கண்ணீரும். அவர் பெயர் முன்ஸிப் என்பது பிறகுதான் தெரியும்.

"பிரேக் இல்ல சேர்! மேலேயே போயிட்டு! கியர்லதான் புடிச்சிருக்கேன்! அல்லாவே, என்னைய வெரட்டாதீங்க சேர்!"

ஜீப்பின் ஒலிபெருக்கி பின்னாலிருந்து "நிறுத்து! நிறுத்து!" என்று உறுமியது. நிறுத்த முடிந்திருந்தால் அந்த மனுசன் எப்போதோ நிறுத்தி, இறங்கி, மண்ணை முத்தமிட்டிருப்பார்.

அந்த நேரத்தில் கீழே என்னென்ன இருக்கும் என்பது ஜெயராசாவுக்கு மனப்பாடம். ஸ்கூல் பிள்ளைகள் ரோட்டு ஓரமாக மேலே ஏறி வருவார்கள். ஏழு மணி பஸ் வளைவில் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு திரும்பும். ஸ்கூல் வேன் வரும். பின்னாலிருந்து துரத்தினால் இவர்களில் ஒருவரையும் காப்பாற்ற முடியாது. ஜெயராசா லொறியை முந்தினார். பத்து தொன் கோவா முதுகுக்குப் பின்னால் வர, அதற்கு இருபது அடி முன்னால் மோட்டார் சைக்கிளை விட்டார்.

ஹோர்னை அழுத்தினார், ஆட்டுக்குட்டிச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. வேறு வழி தெரியாமல் முன்லைட்டை அடித்தார். இரண்டு தரம், மறுபடி இரண்டு தரம், அடித்துக்கொண்டே போனார்.

எதிரே வந்த ஏழு மணி பஸ்ஸின் சாரதி அதைப் பார்த்தார். லைட் அடிக்கிறார்களா, சரி, பொலிஸ் இருக்கிறது. அடிப்பதே ஒரு பொலிஸ்காரர் என்பதை யோசிக்க யாருக்கு நேரம்? பழகிய கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பியது. பஸ் மண் திட்டோரமாக ஒதுங்கி நிற்க, சாரதி பெல்ட்டைத் தேடினார். அடுத்து வந்த ஓட்டோவும் ஒதுங்கியது. கூடுதலாக ஏறியிருந்த இரண்டு பேர் இறங்கி, சம்பந்தமே இல்லாதவர்கள்போலத் தேயிலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் வரிசையாக நின்று தலைக்கவசம் மாட்டினார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாத மணல் டிப்பர் ஒன்று பின்பக்கமாகவே தோட்டத்து ரோட்டுக்குள் நுழைந்து மறைந்தது. ஸ்கூல் வேன் சாரதி வேனை ஓரம் கட்டியதுடன், ரோட்டில் நடந்த பிள்ளைகளையும், "இந்தப் பக்கம் வாங்க புள்ளைகளா, பொலிஸ் வருது!" என்று ரோட்டோரக் கான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஏற்றிவிட்டார். ஊரடங்கு நாளில்கூட அந்த ரோடு அவ்வளவு வெறுமையாகக் கிடந்ததில்லை.

நான்காவது வளைவு தாண்டியதும் இடது பக்கமாக, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏறுகிற தோட்டத்து ரோடு பிரியும். ஜெயராசா கையைக் காட்டிவிட்டு அதில் ஏறினார். முன்ஸிப் கண்ணை மூடாமல் அவர் பின்னாலேயே திருப்பினார். மேட்டில் ஏற ஏற லொறிக்கு மூச்சு வாங்கியது. மடுவத்துக்குப் பத்து யார் தூரம் கீழே நின்றே விட்டது. நின்ற லொறி பின்னால் உருளத் தொடங்கியபோது, பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் புறப்பட்டிருந்த ராசம்மா என்ற தொழிலாளியும் மற்றப் பெண்களும் ஆளுக்கொரு கல்லைத் தூக்கிவந்து டயருக்கு அடியில் போட்டார்கள். பின்பலகை திறந்து நாற்பது ஐம்பது கோவா உருண்டு ஓடியது. சேதம் அவ்வளவுதான்.

முன்ஸிப் இறங்கி ஜெயராசாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். ஜெயராசாவும் அழுதார். ராசம்மா இரண்டு பேருக்கும் தன் போத்தல் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தாள்.

ஆனால் ஒரு விபத்து நடந்தது. பொலிஸ் தாண்டிப் போய்விட்டது என்று நினைத்த பஸ் சாரதி பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ரோட்டுக்கு வந்தார். பின்தங்கித் துரத்திக்கொண்டு வந்த பொறுப்பதிகாரியின் ஜீப் பஸ்ஸைக் கண்டு திரும்பிக் கானுக்குள் தலைகுப்புற இறங்கியது. அன்று அந்த மலையில் சேதமடைந்த ஒரே வாகனம் துரத்திய வாகனம்தான். பொறுப்பதிகாரி மணிக்கட்டு சுளுக்கி, முழங்கால்வரை சேறோடு நடந்தே மடுவத்துக்கு வந்து, முதல் வேலையாக முன்ஸிபுக்கு விலங்கு மாட்டினார்.

அன்று மாலைக்குள் பஸ் பயணி ஒருவர் எடுத்த வீடியோ ஃபேஸ்புக்கில் ஏறியது. 'கோவா லொறிக்குப் பயந்து ஓடும் பொலிஸ்' என்று அதற்குப் பெயர். தீவு முழுவதும் சிரித்தது. கொழும்பிலிருந்து விளக்கம் கேட்டார்கள்.

பொறுப்பதிகாரி ஜெயராசாவைக் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது. "நீங்கள் என் கட்டளைப்படி துரத்தினீர்கள். முந்திப்போய் மறித்தீர்கள். வெற்றிகரமான துரத்தல். உங்களுக்குப் பதக்கத்துக்கு எழுதுகிறேன். பலகையில் மூன்று துரத்தலாகவே போடலாம்."

"அந்த ஆளுக்கு பிரேக் இல்லியே, சேர்."

"ஓடியதால் பிரேக் போனது என்று எழுதுவோம். போனதால் ஓடினான் என்று எழுத வேண்டாம். அவ்வளவுதானே வித்தியாசம்?"

அந்த வித்தியாசத்தில்தான் முன்ஸிபின் ஆயுள் தொங்கியது. பொலிசுக்குத் தப்பி ஓடினார், அதிகாரியைக் கொல்லப் பார்த்தார் என்று இரண்டு வழக்கு. ஆளை விளக்கமறியலில் போட்டாயிற்று. ஜெயராசா "துரத்தினேன்" என்று ஒரு சொல் சொன்னால் பதக்கம் அவருக்கு, சிறை முன்ஸிபுக்கு. "துரத்தவில்லை" என்றால் கட்டளையை மீறிய குற்றம், சட்டைக் கையிலுள்ள சார்ஜன்ட் பட்டி போகும்.

"வாங்கிக்கங்களேன்," என்றாள் வீட்டில் மனைவி அன்னலட்சுமி. "எட்டு மாசந்தானே இருக்கு. ஊர் சிரிக்கிறதாவது நிக்கும்."

மறுநாள் முன்ஸிபின் மனைவி றமீலா, கைப்பிள்ளையோடு வாசலில் வந்து நின்றாள். "அவர் ஒருநாளும் ஓடின மனுசன் இல்ல சேர். ஆடு குறுக்கே வந்தாலும் நிப்பாட்டிட்டு இறங்குற ஆள்," என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. அவள் போன பிறகு அன்னலட்சுமி பதக்கத்தைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை.

விசாரணை பதுளையில் நடந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். ராசம்மாவின் சாட்சியத்தைச் சிங்களத்தில் சொல்ல, தனேஸ்வரன் என்ற யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளரை வரவழைத்திருந்தார்கள்.

"அம்மா, பயப்பிடாமச் சொல்லுங்கோ. லொறிக்கு முன்னால ஆர் போனது?" என்று கேட்டார் தனேஸ்வரன்.

"ராலாமிதாங்க," என்று ஜெயராசாவைக் காட்டினாள்.

"அப்ப, லொறி அவரைத் துரத்திக்கொண்டு வந்ததோ?"

"ஐயோ, இல்லீங்க. மாட்டை வெரட்டுறவன் பின்னால வருவான். கூட்டிக்கிட்டு வர்றவன் முன்னால வருவான். இவரு கூட்டிக்கிட்டு வந்தாருங்க."

தனேஸ்வரன் அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். எழுதுவினைஞர் யோசித்துப் பார்த்துவிட்டு, 'சாட்சி மாடுகளைப் பற்றிக் கூறினார்' என்று பதிந்தார்.

அத்தியட்சகர் படிவத்தைப் புரட்டினார். துரத்தியவருக்கும் துரத்தப்பட்டவருக்கும் இடையிலான தூரம் என்ற இடத்தில் ஜெயராசா 'இருபது அடி, முன்னால்' என்று எழுதியிருந்தார்.

"இதில் முன்னால் என்று எழுத இடமில்லை, சார்ஜன்ட். சந்தேகநபர் உங்களைத் துரத்தினாரா?"

"இல்லை சேர்."

"நீங்கள் அவரைத் துரத்தினீர்களா?"

"இல்லை சேர்."

"அப்படியானால் அங்கே என்னதான் நடந்தது?"

"ஒண்ணா இறங்கினோம் சேர்."

அத்தியட்சகர் கெட்டவர் அல்லர். பேனையை மூடிவைத்தார். "பொலிஸ்காரரே பொலிஸ் வருவதை லைட் அடித்துச் சொன்னதும் குற்றம்தான் தெரியுமா? அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் துரத்தச் சொன்ன கட்டளை ஒன்று இருக்கிறது. துரத்தினேன் என்று சொல்லுங்கள், எல்லாம் முடிந்துவிடும். முப்பது வருடத்தில் ஒரு தடவையாவது யாரையாவது துரத்தியிருப்பீர்களே?"

ஜெயராசா தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு தடவை, சேர்," என்றார்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். பசறை ரோட்டில் திலீபன் என்ற பத்தொன்பது வயதுப் பையன் தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் வந்தான். கை காட்டியும் நிற்காததால் ஜெயராசா துரத்தினார். பையன் வேகமாகப் போனான், அவரும் வேகமாகப் போனார். ஐந்தாவது வளைவில் பையன் தேயிலைக்குள் பறந்தான்.

"தலைக்கு ஆபத்துன்னு துரத்தினேன் சேர். தலைக்கு ஒண்ணும் ஆகலை. காலைத்தான் வெட்டி எடுத்தாங்க. எனக்குப் பாராட்டுக் கடிதம் குடுத்தாங்க. அதை நான் பிரிச்சுப் படிக்கவே இல்லை."

தனேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மொழிபெயர்க்க அதில் ஒன்றுமில்லை. ஜெயராசா சிங்களத்தில்தான் சொல்லியிருந்தார்.

"எழுதிக்கங்க சேர். நான் யாரையும் துரத்தலை. முன்ஸிப் ஓடலை."

துரத்தல் இல்லாத இடத்தில் தப்பி ஓட்டம் எப்படி இருக்கும்? பிரேக் இல்லாதவர் எப்படிக் கொல்லப் பார்த்திருப்பார்? இரண்டு வழக்கும் நிற்கவில்லை. அடுத்த வாரமே முன்ஸிப் வீட்டுக்குப் போனார். ஜெயராசாவைக் கொன்ஸ்டபிள் ஆக்கினார்கள். பொறுப்பதிகாரிக்கு மணிக்கட்டுக் காயத்துக்காக வீரப் பதக்கம் கிடைத்தது. சிரிப்பதா, காறித் துப்புவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பதவி இறக்கிய கடிதம் கைக்கு வந்த அன்று ஜெயராசா நேரே வீட்டுக்குப் போகவில்லை. பதுளையில் பசறை பஸ் ஏறினார். பசறைக் கடைத்தெருவில் திலீபன் டெலிபோன் ரீலோட் கடை வைத்திருப்பது அவருக்குப் பல வருடமாகத் தெரியும். அந்தத் தெருவுக்குள் கால் வைக்க மட்டும் பயம். அன்றைக்கு இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்ற துணிவில் உள்ளே போனார்.

திலீபனுக்கு நாற்பத்தேழு வயது, பொய்க்கால், முன்நெற்றி வழுக்கை. பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நான் ஜெயராசா..."

"தெரியும் சேர். ஃபேஸ்புக்ல பாத்தேன். லொறிக்கு முன்னால ஓடினீங்களே." அவன் சிரித்தான். கேலியாகச் சிரிக்கவில்லை.

ஜெயராசாவுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இருபத்தெட்டு வருடமாக நெஞ்சுக்குள் அரித்துக்கொண்டிருந்த கேள்விதான் வந்தது. "அன்னிக்கு ஏன் தம்பி நிக்கல? ஹெல்மட்தானே? சின்னக் குத்தந்தானே?"

திலீபன் மேசையில் கையூன்றிக்கொண்டான். "நிக்கத்தான் சேர் பாத்தேன். திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனேன். நீங்க நிக்கவே இல்லியே."

ஜெயராசா கடையிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, உடுப்போடேயே வாய்விட்டு அழுதார். ரீலோட் போட வந்தவர்களைத் திலீபன் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னான்.